ரசீது அக்கா கேட்காமல் விட்டது

எங்கள் ஆபீசில் பேனா தீர்ந்துபோனால், தீர்ந்த பேனாவைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதுப் பேனா கிடைக்கும். காட்டினால் மட்டும் போதாது. அக்கா அதை வாங்கிக் காகிதத்தில் கிறுக்கிப் பார்ப்பார். லேசாகக் கோடு விழுந்தாலும் போச்சு. "இன்னும் ரெண்டு நாளைக்கு ஓடும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். வண்டிக்குப் பஞ்சர் ஒட்டினால் ரசீது, கண்ணாடி துடைக்கத் துணி வாங்கினால் ரசீது. டயருக்குக் காற்றடிக்கிறவன் ஒரு தடவை, தெரிந்த ஆள்தானே என்று காசு வேண்டாம் என்றுவிட்டான். "வேண்டாம்னு சொன்னதை எழுதி வாங்கிட்டு வா" என்று என்னைத் திருப்பி அனுப்பிய மகராசி அவர். ரசீது அக்கா என்று பேர் வைத்தது நான்தான். அவருக்கும் தெரியும். கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

நான் அங்கே வண்டி ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் ஜல்லி லாரி ஓட்டினேன். ஊரில் எங்கள் இடத்துக்குத் தூசி ஆபீஸ் என்று பேர். இரும்புக் கடைக்கு மேலே, மாடியில் மூன்று அறை. குவாரியிலும் கல் உடைக்கிற கிரஷரிலும் வேலை செய்கிறவர்களின் நெஞ்சுக்குள் தூசி போய் என்ன செய்கிறது என்று வருஷக்கணக்கில் விடாமல் பார்த்துக்கொண்டு வருவதுதான் வேலை. ஆட்களை நான் வண்டியில் கூட்டிவருவேன். உள்ளே ஒரு மெஷின். மூச்சை நன்றாக இழுத்து அதன் குழாயில் ஊதினால், திரையில் ஒரு கோடு மலை மாதிரி ஏறி இறங்கும். மலை உயரமாக இருந்தால் நெஞ்சு நன்றாக இருக்கிறது. மண்மேடு மாதிரி இருந்தால் இல்லை. எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். இதை ஆரம்பித்தவர் ஒரு டாக்டர். அந்தக் கோடுகளைச் சேர்த்து வைத்து ஆராய்ச்சி எழுதுகிறவர் ஒரு மேடம். காற்றடித்தால் பறந்துவிடுவார் என்பதால் ஒல்லி மேடம். கணக்குக்கு ரசீது அக்கா.

அக்கா முந்தி ஒரு கடன் சங்கத்தில் கேஷியராக இருந்தவர். சங்கத்துச் செயலாளர் பார்க்க நல்ல மனுஷன் மாதிரி இருப்பானாம். "கையெழுத்தைப் போட்டு வையிம்மா, பில்லு நாளைக்கு வரும்" என்பானாம். பில்லும் வரவில்லை, ஒரு நாள் அவனும் வரவில்லை. காகிதத்தில் எல்லாம் இருந்தது அக்கா கையெழுத்து. விசாரணை, வக்கீல், வாய்தா என்று செருப்புத் தேய நடந்தார். அவர் ஒரு காசும் தொடவில்லை என்று கடைசியில் தீர்ப்பாகிவிட்டது. அதற்குள் கழுத்திலும் காதிலும் இருந்தது வக்கீல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தெருவில் அவர் தலையைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். மகளைப் பள்ளிக்கூடத்தில் யாரோ, "பணத்தை எங்கடி ஒளிச்சு வச்சிருக்கீங்க" என்று கேட்டார்களாம்.

இதெல்லாம் அக்கா வாயால் சொன்னதில்லை. அவர் வீட்டுக்காரர் சொன்னது. அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். வீடு மாடியில், கடை கீழே. வாய் ஓயாமல் கிண்டல் பேசிக்கொண்டே செம்புக் கம்பியைச் சுற்றுவார். எத்தனை சுற்று என்கிற எண்ணிக்கை மட்டும் தப்பாது.

இப்படிச் சூடுபட்ட மனுஷியிடம்தான் வெளிநாட்டுக் காசைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்தக் காசு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். முதலில் டாக்டர் தன் ஆஸ்பத்திரியில் சம்பாதித்ததைப் போட்டுத்தான் எல்லாம் நடத்தினார். மெஷின் பழசு. எனக்குச் சம்பளம் வந்தால் வரும். பிறகு கடல் தாண்டி இருக்கிற ஒரு பெரிய அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்டார்கள். உங்கள் வேலை நல்ல வேலை, கொடுக்க ஆசையாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. ஆனால் முன்பின் தெரியாத ஒரு சின்ன அமைப்புக்கு, அதுவும் வேறு தேசத்தில் இருப்பதற்கு, நேராகக் காசு அனுப்ப எங்கள் சட்டம் லேசில் விடாது. நீங்கள் நிஜமாகவே தர்ம காரியம் செய்கிறவர்கள்தானா என்று ஆள் வைத்து விசாரித்து முடிப்பதற்குள் உங்களுக்குக் கொடுக்கிற காசைவிட அதிகம் செலவாகிவிடும். எங்கள் தேசத்தில் பதிவான ஒரு அமைப்பு உங்களுக்காகப் பொறுப்பு ஏற்றுக்கொண்டால் கொடுக்கலாம் என்றார்கள்.

அப்படி ஒரு அமைப்பை ஒல்லி மேடம் எங்கெங்கோ தேடிப் பிடித்தார். அவர்களுக்கு இதுதான் தொழிலே. எங்களை மாதிரி அங்கங்கே சின்னச் சின்னதாக ஆராய்ச்சி செய்கிறவர்களைத் தங்கள் நிழலில் சேர்த்துக்கொள்வது. அறக்கட்டளை காசை அவர்களிடம் கொடுக்கும். அவர்கள் எங்கள் பேரில் தனியாகக் கணக்கு வைத்து, நூற்றுக்குப் பத்தைத் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தவணை தவணையாக எங்களுக்கு அனுப்புவார்கள். இந்தப் பக்கம் நம் அரசாங்கத்து அனுமதியையும் வாங்கியாயிற்று. என்ன செலவு, எதற்குச் செலவு என்று அறக்கட்டளைக்கும் அவர்கள் அரசாங்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

எனக்கு இது மண்டையில் ஏறவில்லை. அக்காதான் புரிய வைத்தார்.

"சின்னப் புள்ளை பேர்ல பேங்குல கணக்கு ஆரம்பிக்கணும்னா அம்மா வந்து கையெழுத்துப் போடணும்ல? அந்த மாதிரி. காசு புள்ளையோடதுதான். பொறுப்பு அம்மாவோடது."

"அப்போ நமக்குக் குடை பிடிக்கிறாங்க. அந்தப் பத்து, குடை வாடகையாக்கும்" என்றேன்.

"நனையாம இருக்குறதுக்கு வாடகை குடுக்கலாம். தப்பில்ல."

அன்றையிலிருந்து அவர்களுக்குக் குடைக்காரர்கள் என்று பேராகிவிட்டது. புது மெஷின் வந்தது. வாடகை பாக்கி தீர்ந்தது. மாசம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்று வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள், அக்காவைத் தவிர. காசு தலைப்புத் தலைப்பாகப் பிரித்து வரும். மெஷினுக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு, ஊத வருகிறவர்களுக்குச் சோதனை நாள் படி இவ்வளவு. ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு துளி வழியக் கூடாது என்று அக்கா காவல் காத்தார். "குடைக்குக் கீழ நம்ம மட்டுமா நிக்கிறோம்? கொசுவைப் பத்திப் படிக்கிறவங்க, கிணத்துத் தண்ணியைப் படிக்கிறவங்க, எந்தெந்த தேசத்து ஆளுங்களோ நிக்கிறாங்க. நம்ம ஒரு ஓட்டை போட்டா அத்தனை பேரும் நனைவாங்க" என்பார். நான் பார்க்காத கொசுக்காரர்களுக்காக என் வண்டியில் ஒரு சொட்டுப் பெட்ரோலுக்குக்கூட அவர் கணக்குக் கேட்டார்.

இனி விசில்காரரைப் பற்றி.

குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னால் ஒருவர் மேட்டில் ஏறி நின்று நீளமாக விசில் ஊதுவார். எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் ஒதுங்க வேண்டும். அவர் எனக்கு மாமா முறை. லாரிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அவர் விசில் காதைப் பிடித்து இழுக்கும். அவர் ஊதிக்கொண்டிருந்த வருஷங்களில் வெடியில் ஒரு ஆளுக்குக்கூடக் கீறல் விழுந்ததில்லை. எங்கள் ஆபீசுக்கு முதல் தடவை வந்தபோது மெஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது விசில் ஊதுற வாய். குழாய் பிச்சுக்கிட்டா என்னைக் கேக்கக் கூடாது" என்றார். மலை நன்றாக உயர ஏறியது.

அவருக்கும் அக்காவுக்கும் நன்றாக ஒத்துப்போகும். அக்காவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஊத வருகிறவர்களுக்கு அன்றையக் கூலியும் பஸ் காசும் கொடுப்போம். முக்கால்வாசிப் பேர் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு வந்து அக்காவிடம் திட்டு வாங்குவார்கள். விசில்கார மாமா மட்டும் டிக்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து சாமி படத்தை எடுக்கிற மாதிரி எடுத்து மேசையில் வைப்பார். "தங்கச்சி, கிழியல, மடங்கல, பாத்துக்கோ." அவர் பெண்சாதியும் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு அக்காவை, "என்ன நாத்தனாரே, எங்க வீட்டுக்காரருக்குக் கூலியைக் கூட்டிப் போடக் கூடாதா" என்று வம்புக்கு இழுப்பார்.

ஒவ்வொரு சுற்றுச் சோதனையிலும் மாமாவின் மலை இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு தடவை ஊதி முடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் அவரை உட்கார வைத்து, பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தூசிப் பக்கமே போகாதே என்றும் சொன்னார். சொல்லிவிட்டு மறுநாள் ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போய்விட்டார். அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஆனால் பேர் பதிய ஒரு நாள், எடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள் என்று அலைய விடுவார்கள். தினக்கூலி ஆள் அத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்குப் பெண்சாதியையும் இழுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போய் வர வேண்டும்.

மாமா சீட்டோடு அக்கா மேசைக்கு வந்தார். நானும் பெட்ரோல் ரசீதோடு அங்கேதான் நின்றேன்.

"தங்கச்சி, இந்த மூணு நாளுக்கும் படி போட்டுக் குடு. டிக்கெட்டு பத்திரமாக் கொண்டாந்து தரேன்."

அக்கா சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"அண்ணே, இது வைத்தியம். என்கிட்ட இருக்கிறது ஆராய்ச்சிக் காசு. ஊதுறதுக்குக் குடுக்கலாம். ஸ்கேனுக்குக் குடுக்கத் தலைப்பு இல்ல."

"ஊதுனதாலதான இது தெரிஞ்சுது?"

அக்கா இழுப்பறைக்குள் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்துத் திறந்து, உள்ளே இருந்த நோட்டுகளை எல்லாம் எடுத்து மேசையில் வைத்தார். அது அவருடைய சொந்தக் காசு. வீட்டுச் சாமான் வாங்க வைத்திருந்தது என்று நினைக்கிறேன்.

மாமா அதைத் தொடவில்லை.

"உன் காசு எனக்கு எதுக்கு? நான் மூச்சை உன் வீட்டுக்கா குடுத்தேன்? ஆபீசுக்குக் குடுத்தேன். ஆபீசு குடுத்தா வாங்கிக்கிறேன்."

சீட்டை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது, "சரி, வரேன் மேடம்" என்றார்.

அத்தனை நாளில் அக்காவை அவர் மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் அவர் பின்னாலேயே ஓடி, காசை நான் தருகிறேன் மாமா என்று சொல்லிப் பார்த்தேன். "நீ வண்டியைப் பாத்து ஓட்டு" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

அவர் ஸ்கேனுக்குப் போகவில்லை. அடுத்த சுற்றுக்கு ஊதவும் வரவில்லை. அக்கா என்னிடம் அவ்வப்போது, வேறு ஏதோ கேட்கிற மாதிரி ஆரம்பித்து, "அவர் போனாரா?" என்று கேட்பார். இல்லை என்பேன். உடனே கால்குலேட்டரைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் யாரும் கேட்காமலே, "விதி அப்படி இருக்கு. நான் என்ன செய்யிறது" என்றார். இன்னொரு நாள், "நான் தப்பா ஒண்ணும் செய்யலையே?" என்றார். இல்லை அக்கா என்றேன். வேறு என்ன சொல்வது?

டாக்டருக்கு அவர் இருநூறு பேர் கோட்டில் ஒரு கோடு. மேடத்துக்கும் அப்படித்தான். ஒரு ஆள் வராமல் போனால் வேலை மாறிப் போயிருப்பான் என்று நினைப்பது வழக்கம். அப்படித்தான் அவரையும் நினைத்தார்கள். ஆனால் குவாரிப் பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டு போன எனக்குத் தெரியும். விசில் சத்தம் மாறிவிட்டது. துண்டு துண்டாக, வேறு யாரோ ஊதுகிற சத்தம். மாமாவால் நீளமாக ஊத முடியவில்லை என்று மேட்டிலிருந்து இறக்கி, ஜல்லி சலிக்கிற இடத்தில் கூட்டிப் பெருக்கப் போட்டிருந்தார்கள். அந்த வட்டாரத்திலேயே தூசி அதிகம் பறக்கிற இடம் அதுதான். இதையும் அக்காவிடம் சொன்னேன். அவர் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் குடைக்காரர்களிடமிருந்து ஒரு அம்மா நேரில் பார்க்க வந்தார். வெட்டிவிட்ட நரைமுடி, கனத்த செருப்பு, கையில் தண்ணீர்ப் பாட்டில். மாடிப்படி ஏறி வரும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். ஒல்லி மேடம் அதை எங்களுக்குச் சொன்னார்: "நெஞ்சு வியாதி இருக்கிறவங்களையா இத்தனை படி ஏற வைக்கிறீங்கன்னு கேக்குறாங்க." எல்லாரும் சிரித்தோம். சிரித்துவிட்டு மேலே போனோம்.

அக்கா அன்று இஸ்திரி போட்ட சேலையில் வந்திருந்தார். கணக்கு, ரசீது எல்லாவற்றையும் வருஷவாரியாக அடுக்கி வைத்திருந்தார். வந்த அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார். நடுவில் எங்கேயாவது விரலை வைத்து, இது என்ன என்று கேட்டால் அக்கா பார்க்காமலே பதில் சொன்னார். கடைசியில் அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, எத்தனையோ தேசத்தில் எத்தனையோ ஆபீஸ் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமான கணக்கைப் பார்த்ததில்லை என்றார். மேடம் அதைச் சொன்னபோது அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கடன் சங்கத்துக்குப் பிறகு, கணக்கைப் பார்த்துவிட்டு நீ சரி என்று அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

பிறகு அந்த அம்மா டீயைக் குடித்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி ஒன்று கேட்டார். ஏதாவது செய்ய வேண்டியிருந்து, செய்ய முடியாமல் போனது உண்டா என்று.

அக்கா விசில்காரர் கதையைச் சொன்னார்.

குற்றமாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னார். அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது. தெரிந்த மனுஷர், அண்ணன் மாதிரி, நேரில் வந்து நின்று கேட்டார், அப்போதும் தலைப்பை விட்டு ஒரு காசு எடுக்கவில்லை என்று சொன்னார். மேடம் பாதிவரை மொழிபெயர்த்துவிட்டு நின்றுவிட்டார். அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இந்த விஷயம் அதுவரை தெரியாது. பிறகு குரலை இறக்கி மிச்சத்தைச் சொன்னார்.

வந்த அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார். கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதைத் தமிழில் சொல்ல மேடத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏன் எங்ககிட்ட கேக்கலைன்னு கேக்குறாங்க."

"கேக்கலாமா?" என்றார் அக்கா.

அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். காசைப் பிடித்து வைத்துக்கொண்டு காவல் இருப்பது மட்டும் எங்கள் வேலை இல்லை. உங்களுக்கு ஒன்று தேவைப்பட்டால் உங்களுக்காகக் காசு கொடுத்தவர்களிடம் போய்ப் பேசுவதும் எங்கள் வேலைதான், அந்தப் பத்து அதற்கும் சேர்த்துத்தான் என்றார். சோதனைக்கு வந்த ஆளுக்கு நோய் இருக்கிறது என்று சோதனையிலேயே தெரிந்தால், அவரை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆராய்ச்சியின் பொறுப்புதான் என்றார். கிணற்றுத் தண்ணீர்க்காரர்கள் மாசம் ஒன்று கேட்கிறார்கள். கொசுக்காரர்களும் கேட்கிறார்கள். ஒரு கடிதம் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் தலைப்பு மாற்றி வந்திருக்கும். கேட்காமல் எடுத்தால்தான் தப்பு.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். எல்லாம் சொல்லிவிட்டு, அந்த ஆள் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். டீத் தட்டோடு வாசலில் நின்ற நான்தான் சொன்னேன்.

"ஜல்லி சலிக்கிற இடத்துல கூட்டிக்கிட்டு இருக்கார்."

சாயந்தரம் அக்காவை வீட்டில் இறக்கிவிட்டேன். வீட்டுக்காரர் கடையில் காயில் சுற்றிக்கொண்டே, "என்ன, குடைக்காரங்க ஓட்டை கண்டுபிடிச்சுட்டாங்களா?" என்றார்.

"ஓட்டையே இல்லையாம்" என்று சொல்லிவிட்டு அக்கா மாடி ஏறிப் போனார்.

வீட்டுக்காரர் கையில் கம்பி அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். "எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே சுற்றியதை எல்லாம் பிரித்தார். பிற்பாடு அவர்தான் சொன்னார். அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு, "சங்கத்துல கேக்காமக் கையெழுத்துப் போட்டேன். இங்க கேக்காமக் கையை மூடிக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். வீட்டுக்காரர், உன் பயத்துக்குக் காரணம் இருந்தது, அது அந்தப் பாவி செய்த வேலை என்று என்னென்னவோ சொல்லித் தேற்றியிருக்கிறார். "அவன் ஓடிப்போயிட்டான். இங்க இருந்தது நான்தான" என்றாராம்.

விஷயத்தைக் கேட்ட டாக்டரும் அன்று தூங்கியிருக்க மாட்டார். மறுநாள் வந்து, சீட்டு எழுதியவன் நான், போனாரா என்று பார்க்க வேண்டியவனும் நான்தான் என்று அக்காவிடம் சொன்னார். அந்தத் தப்பில் அவருக்குப் பங்கு கொடுக்க அக்கா சம்மதிக்கவில்லை.

அன்றே மேடத்தோடு உட்கார்ந்து குடைக்காரர்களுக்கு எழுதினார். விசில்காரருக்கு மட்டும் கேட்கவில்லை. சோதனையில் நெஞ்சு கெட்டிருப்பதாகத் தெரிகிற எல்லாருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்களுக்குக் கூலி, துணைக்கு வருகிற ஒருவருக்கும் கூலி, பஸ் காசு. வாரம் முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அறக்கட்டளை சரி என்றுவிட்டது, புதுத் தலைப்பு போட்டாயிற்று என்று மேடம் படித்துச் சொன்னார்.

"இவ்வளவுதானா?" என்றார் அக்கா.

மேடம் இன்னும் ஏதாவது வேண்டுமா என்று நினைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. "இவ்வளவுதானா" என்று இன்னொரு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மாமா வீட்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். கிரஷருக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வீடு. வாசல் செடியின் இலையெல்லாம் சாம்பல் நிறம். மாமா வேலை முடிந்து வந்து, சுவரோரம் இரண்டு தலையணையை அண்டக் கொடுத்து, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் சாய்ந்திருந்தார். அத்தை எங்களைப் பார்த்ததும், "வாங்க நாத்தனாரே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா" என்று பாயை விரித்தார். அத்தைக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் அப்படிக் கூப்பிட்டார். மாமா, "வாங்க மேடம்" என்றார்.

அக்கா பாயில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"அண்ணே, அன்னைக்குத் தலைப்பு இல்லைன்னு சொன்னேன். கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. நான் கேக்கல."

மாமா மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார்.

"நான் விசில் ஊதுறதுக்கு முன்னாடி, ஆளுங்க எல்லாம் தள்ளிப் போயிட்டாங்களான்னு எட்டிப் பாப்பேன். பாத்துட்டுத்தான் ஊதுவேன்."

அவ்வளவுதான் சொன்னார். அக்கா தலையை ஆட்டினார். அத்தை தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அக்கா வாங்கிக் குடித்தார்.

பிறகு நான், ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளுக்குக் கூலி வந்திருப்பதைச் சொன்னேன். மாமா, ஆபீஸ் கொடுக்கிறதா, மேடத்தின் கைப்பை கொடுக்கிறதா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆபீஸ்தான் மாமா, அத்தைக்கும் சேர்த்துக் கூலி என்றேன். அத்தை, "எனக்குமா? அப்போ இவரை நான் தெனமும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறேன்" என்றார். மாமா சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டார். இருமி முடித்துவிட்டு, போகலாம் என்றார்.

ஸ்கேன் எடுத்தாயிற்று. படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெஞ்சுக்குள் அங்கங்கே இறுகிப் போயிருக்கிறது, இறுகியது இனி இளகாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அக்கா விடவில்லை.

"அன்னைக்கே போயிருந்தா?"

"அன்னைக்கே தூசியை விட்டிருந்தா கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

அதைச் சொல்ல முடியாதம்மா என்றார் டாக்டர். அக்கா மேடத்திடமும் போய்க் கேட்டார். பழைய கோட்டையும் புதுக் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு கணக்குச் சொல்லுங்கள் என்றார். மேடம், இவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லலாம், அதில் இந்த மாசங்களின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது என்றார். டயர் காற்றுக்குக்கூடக் கணக்கு வாங்கிய மனுஷிக்கு இந்த ஒன்றுக்குக் கணக்கு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவ்வளவுதான் என்று ஒரு நாள் மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். கிடைக்காததால் அது முழுவதையும் தன் பேரிலேயே எழுதிக்கொண்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

மாமா வேலையை விட்டுவிட்டார். புதுத் தலைப்பில் அதற்குப் பிறகு நிறையப் பேர் போய்வந்தார்கள். சிலருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்து, தூசி இல்லாத வேலைக்கு மாறிக்கொண்டார்கள். என் பழைய லாரிக் கிளீனர் அதில் ஒருவன். இப்போது காய்கறி மண்டியில் மூட்டைக்குச் சீட்டு எழுதுகிறான். அவன் அக்காவைப் பார்த்தால் கும்பிடுவான். அக்காவுக்கு அந்தக் கும்பிடைக் கண்டால் ஆகாது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவார்.

இப்போதெல்லாம் அவர் குடைக்காரர்களை எதற்கெடுத்தாலும் கேட்கிறார். தலைவலி மாத்திரை வாங்கலாமா என்றுகூடக் கேட்டு எழுதியதாக மேடம் சிரித்தார். அவர் கேட்டதில் ஒன்று, ஊதுகிற மெஷினைக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது. இரும்புக் கடைக்காரரின் கிடங்கில் பாதியைக் கூடுதல் வாடகைக்கு எடுக்க அனுமதி கேட்டார். அந்த நரைமுடி அம்மா படியில் நின்று சொன்னதற்கு நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அதை மனசில் வைத்திருந்தது அக்கா மட்டும்தான். வெள்ளையடித்து, மின்விசிறி போட்டு, மெஷினை இறக்கினோம். தன் மேசையையும் கீழேயே போட்டுக்கொண்டார். மாமா வேலையை விட்ட பிறகும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஊத வருகிறார். அவர் கோடு ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று மேடம் கேட்டுக்கொண்டதால் வருகிறார். அத்தை வாசலிலிருந்தே, "நாத்தனாரே, என் கூலி எங்க?" என்று சத்தம் போட்டுக்கொண்டு வருவார். மாமா மெதுவாகப் பின்னால் வந்து நாற்காலியில் உட்காருவார்.

அக்கா அவரிடம் டிக்கெட்டைக் கேட்பதே இல்லை. அவராகத்தான் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைப்பார். அவர் வாயைத் திறக்கிற அந்த நேரத்தில் அக்கா ஒவ்வொரு தடவையும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

"மேடம், கிழியல. மடங்கல" என்பார் மாமா.

"சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அக்கா குனிந்து டிக்கெட்டை ஒட்ட ஆரம்பிப்பார்.